உப்பேறிய ரீலும் ஊசிப்போன பெட்ரோலும்

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பாம்பன் பக்கம் சொந்த ஊர். லீவுக்கு வந்தால் கரையில் நின்று ரீல் தூண்டில் போடுவது வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் இப்போது சுற்றினால் கரகரக்கிறது, ஹேண்டில் சில சமயம் பின்பக்கமாகவும் சுழல்கிறது. தோப்பில் புல் வெட்டும் மிஷினான டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஆறு மாதமாக ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாமா, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பத்தில் எட்டு தடவை ஸ்பேர் பார்ட்ஸ்கூடத் தேவைப்படாது. என் பட்டறைக்கு வரும் பிரஷ் கட்டர்களில் ஓடி ஓடித் தேய்ந்து வருபவை கொஞ்சம்தான். சும்மா கிடந்து கெட்டவைதான் அதிகம். ரீலும் அப்படித்தான். மீன் இழுத்து ரீல் கெடுவது அபூர்வம். மீன் பிடித்த அன்று ராத்திரி அலுப்பில் அப்படியே மூலையில் சாத்தி வைத்தோமே, அங்கேதான் கெடுகிறது. ஒன்றுக்குள் உப்பை விட்டு வைத்தோம், மற்றதற்குள் பெட்ரோலை விட்டு வைத்தோம், அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ரீல். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியும். ஜாடியில் கல்லுப்பு நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடற்கரை ஊர்களில் பெரும்பாலான இரவுகள் அந்த அளவைத் தாண்டித்தான் போகின்றன. பகலில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு, ராத்திரியானால் திரும்ப உப்புத் தண்ணீராகி பேரிங்குக்குள் வேலையைத் தொடங்கிவிடும். ‘போன லீவிலேயே துடைத்துத்தான் வைத்தேன்’ என்பவர்களின் ரீலும் கெடுவது இதனால்தான். துடைத்தால் உப்பு போகாது, கரைத்தால்தான் போகும்.

பிரிப்பதற்கு முன் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிட வேலை. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். சத்தம் போய்விட்டால் சிக்கல் ஸ்பூலுக்கு அடியில் இருக்கும் வாஷரிலோ மெயின் ஷாஃப்ட்டிலோ இருக்கிறது. போகவில்லையா, அடுத்து ஸ்பூலைச் சுற்றி ஓடி நரம்பைச் சுற்றிவிடும் ரோட்டரைக் கழற்றிச் சுற்றுங்கள். இன்னும் கரகரத்தால் உள்ளே கியரிலோ பேரிங்கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா சுற்றும்போது ஒன்றுமில்லாமல், நரம்பில் பாரம் ஏறும்போது மட்டும் கிறீச்சிட்டால் ரீலைத் திறக்கவே வேண்டாம், லைன் ரோலரைப் பாருங்கள். திறந்து மூடும் வளைந்த பெயில் கம்பியின் முனையில், நரம்பு திரும்பும் இடத்தில் இருக்குமே அந்தச் சின்ன உருளை. முழு ரீலிலும் அதிகம் நனைவதும் அதுதான், யாரும் கண்டுகொள்ளாததும் அதுதான். அது இறுகிப்போனால் நரம்பு உருளாமல் உரசும். நரம்பு முறுக்கிக்கொள்ளும், பின்னல் நரம்பான பிரெய்டு போட்டிருந்தால் நாளடைவில் ரோலரிலேயே வாள் போட்டதுபோல் ஒரு கோடு விழும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். உள்ளே இரண்டு மூன்று வாஷர்களும் ஒரு குட்டி பேரிங்கோ பிளாஸ்டிக் புஷ்ஷோ இருக்கும். வரிசை மாறாமல் எடுத்துவையுங்கள்.

வரிசை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரீலைப் பிரிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை, திரும்பப் பூட்டுவதில்தான் எல்லாமே. முட்டை அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் வரிசையாக ஒவ்வொரு குழியில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். கியரின் பின்னால் காகிதம்போல் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்குக் கிரீஸோடு சேர்த்து அதைத் துடைத்துப் போட்டுவிட்டால், பூட்டிய பிறகு ரீல் முன்பைவிடக் கேவலமாகக் கரகரக்கும். ஸ்க்ரூக்களும் ஒரே நீளம் இருக்காது. நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் பாடி விரிசல் விடும்.

மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் ஓடவேண்டும் என்று வைப்பதுதான் டிராக். அதன் நாப்பை முழுக்கத் தளர்த்தினால் ஸ்பூல் வரும். ரோட்டர் நட்டு கழன்றுவிடாமல் அதன்மேல் ஒரு சின்னத் தகடும் ஸ்க்ரூவும் இருக்கும், முதலில் அது. நட்டு அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். சில ரீல்களில் இடது மரை இருக்கும், எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ரோட்டருக்கு அடியில் வட்டமாகத் தெரிவதுதான் ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் கிளட்ச். ஹேண்டில் பின்னால் சுழல்கிறது என்றீர்களே, அதற்கான பதில் இங்கே இருக்கிறது.

இந்தக் கிளட்சுக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங். ஹேண்டில் பின்னால் போகப் பார்த்தால் உருளை குறுகலான இடத்துக்கு நகர்ந்து நடுவிலிருக்கும் குழாயோடு இறுகிக்கொள்ளும். அங்கே கிரீஸ் நுழைந்துவிட்டால் உருளை வழுக்கும், இறுகாது. ‘நல்லா கிரீஸ் வச்சிருக்கேன் அண்ணே’ என்று பெருமையாகக் கொண்டுவருவார்கள், ஹேண்டில் இரண்டு பக்கமும் ராட்டினம்போல் சுற்றும். மருந்து எளிது: ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் முழுசாக முக்கி அலசி, காயவைத்து, பல்குச்சி முனையில் எடுத்த ஒரு பொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். அவ்வளவுதான். உருளைகளை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். ஸ்பிரிங் பறந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால் பெரிய கியர். பழைய கிரீஸ் சாம்பல் நிறத்திலோ பச்சை கலந்தோ இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பினியன் என்கிற சின்னப் பித்தளைக் கியரில் பச்சைப் பூ பூத்திருப்பதும் அதற்கு அடையாளம். கெட்டியான டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பொறுமை. பிளாஸ்டிக் பாகங்களுக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும். பல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பல்லில் சின்னப் பள்ளம் இருந்தாலும் அந்தக் கரகரப்பு எந்தக் கிரீஸுக்கும் போகாது. கியர், பினியன் இரண்டையும் ஜோடியாக மாற்றவேண்டும். அதன் விலை ரீல் விலையில் பாதியைத் தொட்டால் புது ரீல் வாங்குவதே மேல் என்பது என் கணக்கு.

பேரிங்கைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்த பிறகு விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் இல்லாதபோதுதான் அது உண்மை பேசும். மணல் அரைபடுவதுபோல் தோன்றினால் தூக்கிப் போடுங்கள். புது பேரிங்குக்குக் கம்பெனி ஸ்பேர் தேடி அலைய வேண்டாம். வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து, 7-11-3 என்கிற மாதிரி மில்லிமீட்டரில் சொன்னால் பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். ஸ்டெயின்லெஸ் கேளுங்கள்.

பூட்டும்போது கியருக்குக் கிரீஸ், பேரிங்குக்கு எண்ணெய், கிளட்சுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கிரீஸுக்குப் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் மெரைன் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீரில் கரைந்து ஓடாது. லாரி வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸ் போட்டால் ரீல் மாவாட்டும் கல்போல் கனக்கும். தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது. போட்ட அன்று வழவழவென்று இருக்கும், நாளாக நாளாகக் கெட்டுப்போய்விடும்.

டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது. அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரிக்கப்பட்டது. தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதுதான் பெயரின் பொருள். தண்ணீரை விரட்ட, இறுகிய மரையை இளக்க அருமையான சரக்கு. ஆனால் ரீலுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு இரும்போடு இரும்பு உரசும். வெளிப்பக்கம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக் வாஷரில் இரண்டு வகை. கம்பளித்துணி மாதிரி இருந்தால் ஃபெல்ட், அதற்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை வேண்டும். கருப்பாகப் பாய்போல் பின்னல் தெரிந்தால் கார்பன். அதைத் துடைத்து, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். டிராக்கை நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதத்துக்குள் வையுங்கள். பத்து கிலோ நரம்பு என்றால் இரண்டரை, மூன்று கிலோ. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். கையால் இழுத்துப் பார்த்து ‘போதும்’ என்பவர்களிடமிருந்துதான் நல்ல பாறை மீனும் கொடுவா மீனும் நரம்பை அறுத்துக்கொண்டு போகின்றன.

கழுவுவது பற்றி என் சொந்தக் கதை. என் முதல் நல்ல ரீலைக் கொன்றது கடல் இல்லை, நான்தான். ஒவ்வொரு தடவையும் பம்ப் செட் ஹோஸைப் பிடித்துப் பீய்ச்சியடித்துக் கழுவினேன், ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைப்பு. வெளியே இருந்த உப்பை வேகத்தோடு உள்ளே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் திறந்தபோது பினியன் பேரிங் துருவில் உருண்டையாகி இருந்தது. சரியான முறை இது: டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, பூவாளியில் செடிக்கு ஊற்றுவதுபோல் நல்ல தண்ணீர் ஒரு நிமிஷம். பக்கெட்டில் முக்கக் கூடாது. உதறி, நிழலில் காயவைத்து, லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். அப்புறம் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிப் படிந்து அடுத்த தடவை விட்டுவிட்டு இழுக்கும்.

இனி பிரஷ் கட்டர். ஸ்டார்ட் ஆகாத மிஷினோடு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பைக்கில் கட்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூக்கிவந்த ஒருவருக்கு அதை மட்டும் தட்டிவிட்டு, ஒரு இழுப்பில் ஓடவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது கேள்வி, டாங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போது ஊற்றியது?

உங்கள் விஷயத்தில் ஆறு மாதம். அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பதே அதுதான் என்றாகிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டாங்கில் பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்து உண்டு: நீங்கள் கலந்த ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும், அடியில் இருக்கும் தண்ணீர்க் கலவையில் ஆயில் இருக்காது. போதாததற்குப் பழைய ரப்பர் ட்யூப், பெட்ரோலை ஏற்ற அமுக்கும் பிரைமர் குமிழ் எல்லாவற்றையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும்.

டாங்கில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலும், பெயிண்ட் கடை வாசனை அடித்தாலும், அதை அந்த எஞ்சினுக்குத் திரும்ப ஊற்றாதீர்கள். டாங்கை அலசிவிட்டு, வளைத்த கம்பியால் ட்யூபை இழுத்து முனையிலிருக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். ட்யூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ அதையும்.

அடுத்து பிளக். கயிற்றைப் பத்துத் தடவை இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. நனைந்த பிளக்கைத் துடைத்து, இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கிறதா என்று பார்த்து, கேப்பில் மாட்டி எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து இழுங்கள். நீலப் பொறி தெரியவேண்டும். பிளக் துளையிலிருந்தும் சிந்திய பெட்ரோலிலிருந்தும் தள்ளி வைத்துச் செய்யுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பிப் போயிருந்தால் பிளக் இல்லாமல், சோக் திறந்த நிலையில், கயிற்றைப் பத்து இழுப்பு இழுத்தால் வெளியேறிவிடும். காய்ந்த பிளக்கா, துளைக்குள் நாலு சொட்டு ஆயில் கலந்த பெட்ரோல் விட்டுப் பூட்டி இழுங்கள். இரண்டு வினாடி ஓடி நின்றால் பொறி சரி, கம்ப்ரஷனும் பரவாயில்லை, குற்றவாளி கார்புரேட்டர்.

பைக் கார்புரேட்டரில் இருக்கும் மிதவைக் கிண்ணம் இதில் கிடையாது. மிஷினைச் சாய்த்தும் கவிழ்த்தும் ஓட்டவேண்டும் என்பதால் டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வுதான் பெட்ரோலை அளந்து விடுகிறது. இன்னொரு சவ்வு, எஞ்சினின் உள்ளழுத்தம் ஏறி இறங்குவதை வைத்தே பம்ப் வேலையைச் செய்கிறது. புதுச் சவ்வைக் கையில் எடுத்தால் பட்டுத்துணிபோல் துவளும். பெட்ரோல் காய்ந்து கெட்ட சவ்வு அப்பளம்போல் விறைத்துச் சத்தமே போடும். விறைத்தால் அசையாது, அசையாவிட்டால் பெட்ரோல் வராது. ரிப்பேர் கிட் என்று கேட்டால் சவ்வு, கேஸ்கட், ஊசி வால்வு எல்லாம் சேர்ந்தே வரும். கார்புரேட்டர் மேல் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் படமெடுத்துக் கடையில் காட்டுங்கள், மிஷின் பெயர் சொன்னால் போதாது. பிரிக்கும்போது கவனியுங்கள்: ஒரு பக்கம் பாடியை ஒட்டிக் கேஸ்கட் வரும், மறுபக்கம் பாடியை ஒட்டிச் சவ்வு வரும். மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. பம்ப் பக்கத்துச் சவ்வை எடுத்தால் அடியில் ஒரு நுண்ணிய சல்லடை, அங்கேதான் அழுக்கு தங்கும். கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே அடிக்கும் முன் சவ்வுகளை எடுத்துவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் எதிர்த்துளை வழியாகக் கண்ணுக்கே வரும். ஜெட் துளைகளில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். சரிசெய்யும் ஸ்க்ரூக்களைக் கழற்றுமுன், உள்பக்கம் மெல்ல இறுக்கி எத்தனை சுற்று வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், திரும்ப அதே எண்ணிக்கை.

ஆயில் கலவையில் கஞ்சத்தனம் வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்குக்குத் ஆயில் தங்கத் தனித் தொட்டி (சம்ப்) கிடையாது, பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் காக்கிறது. கையேட்டில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. 2டி ஆயில்தான், பைக்குக்கு வாங்கிய ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் அல்ல. இரவல் வாங்கிப்போனவர் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மிஷின் ஒன்று போன கோடையில் வந்தது. சைலன்சரைக் கழற்றி, புகை போகும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். அந்த மிஷினுக்குக் கார்புரேட்டர் கழுவி என்ன செய்ய? நீங்களும் மற்றதில் கை வைக்குமுன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரண்டு போல்ட் வேலைதான். கோடு விழுந்திருந்தால் சிலிண்டர், பிஸ்டன் செலவு, அது கடை வேலை. அதே நேரத்தில் சைலன்சர் வாயில் இருக்கும் கம்பி வலையையும் பாருங்கள். கரி அடைத்திருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், வேகம் எடுக்காது. ஓடிப் பத்து நிமிஷத்தில் நின்று, ஆறினால் திரும்ப ஓடும் மிஷினுக்கு டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பிளேடு பக்கம் போகுமுன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள், மறக்கவே கூடாது. பிளேடு நட்டு இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கியர் ஹெட்டின் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் திறந்து இருபது, இருபத்தைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கிரீஸ் ஏற்றுங்கள்.

நீங்கள் தொடவே கூடாதது ஒன்று உண்டு: கயிறு சுற்றும் ரீகாயிலுக்குள் இருக்கும் பட்டை ஸ்பிரிங். கயிறு அறுந்தால் மாற்றலாம், ஆனால் ஸ்பிரிங் மூடியைத் திறந்தால் சுருண்டு கிடப்பது சாட்டைபோல் விரிந்து முகத்தில் அடிக்கும்.

எல்லாம் பூட்டியாயிற்றா, புதிதாகக் கலந்த பெட்ரோல் அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், கலந்ததை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். பிரைமர் குமிழ் கெட்டியாகும்வரை ஏழெட்டு அமுக்கு, சோக் மூடி, கயிற்றை மெல்ல இழுத்துத் தடுக்கும் இடம் வந்ததும் அங்கிருந்து ஒரே வெட்டு. ஒரு தடவை படபடத்து அடங்கும். உடனே சோக்கைத் திறந்துவிடுங்கள், இதைச் செய்யாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பாதிப் பேர் பெட்ரோலை நிரப்பிவிடுகிறார்கள். அடுத்த இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் பிடிக்கவேண்டும். முதல் இரண்டு நிமிஷம் வெள்ளையாகப் புகை தள்ளினால் பயப்படாதீர்கள், உள்ளே கிடந்த பழைய ஆயில் எரிகிறது. லீவு முடிந்து கிளம்பும் அன்று டாங்கைக் காலிசெய்து, குமிழில் இருப்பதையும் அமுக்கி வெளியேற்றி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.